ஸ்னார்க்கலிங் போக பயமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

31 வயசு வரைக்கும் பூல்ல காலத் தொங்கப்போட்டு உக்காந்திருந்த ஆளு நான். இப்போ வருஷா வருஷம் பயந்தவங்களா பாத்து மலேசியாவுல இருக்கற தியோமான் தீவுக்கு ஸ்னார்க்கலிங் கூட்டிட்டுப் போறேன், அதாவது மாஸ்க்கும் மூச்சு விடற ட்யூபும் மாட்டிக்கிட்டு தண்ணி மேல மிதந்தபடி கீழ இருக்கறத பாக்கறது. சிலிண்டர் மாட்டி ஆழத்துக்குப் போற ஸ்கூபா பத்தி கேள்வி வேண்டாம், அது என் ஏரியா இல்ல.

யீஷூன்காரி: அக்கா, ஜூன் லீவுல தியோமான் போறோம். நீச்சல் தெரியாது. முகத்த தண்ணில வச்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, எனக்கு ஆகுமா?

ஆகும்மா. உன் பயம் கடல்ல இல்ல, மூச்சுல இருக்கு. பழக்கமில்லாம வாயால மூச்சு விடறப்போ எல்லாரும் சட்டு சட்டுனு மேலாக்க இழுப்போம், ட்யூபுக்குள்ள நிக்கற பழைய காத்தே திரும்ப உள்ள வரும், மூச்சு முட்டற மாதிரி இருக்கும், பதறி இன்னும் வேகமா இழுப்போம், அவ்ளோதான் கத முடிஞ்சுது. அதனால இழுக்கறத மறந்துடு, விடறத நீளமா விடு, மனசுக்குள்ள நாலு எண்ணி. மொதல்ல வீட்டு சோஃபால மாஸ்க்கும் ட்யூபும் மாட்டிக்கிட்டு பத்து நிமிஷம் டிவி பாரு. வீட்டுக்காரர் சிரிப்பாரு, சிரிக்கட்டும். அப்புறம் காண்டோ பூல்ல இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டே முகத்த மட்டும் வை. பொது நீச்சல் குளம்னா லைஃப்கார்டுகிட்ட மொதல்ல கேட்டுக்கோ. முக்கியமானது இனிமேதான்: வேணும்னே ட்யூபுக்குள்ள தண்ணிய விட்டு, தூன்னு ஒரே ஊதுல வெளிய தள்ளு. இருபது தடவ. தண்ணி வந்தா தள்ளிடலாம்னு உடம்புக்குப் புரிஞ்சுட்டா பாதி பயம் போயிடும். அங்க போனதும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், உப்புத்தண்ணி பூல் தண்ணிய விட நல்லாவே தூக்கும். தனியா மட்டும் இறங்காத.

பொங்கோல் பாய்: நீச்சல் தெரியாது, போலாமா?

மேல இருக்கு.

மீசைக்காரன்: மாஸ்க்குள்ள தண்ணி வந்துக்கிட்டே இருக்கு.

பேரப் பாத்தாலே காரணம் தெரியுது. மூக்குக்குக் கீழ ஒரு கோடு மட்டும் மழிச்சிடுங்க, மனசு வரலன்னா அங்க வாஸ்லின். பட்டைய இறுக்காதீங்க, இறுக்குனா இன்னும் ஒழுகும். வாங்கறப்போ பட்டை மாட்டாம முகத்துல வச்சு மூக்கால லேசா இழுங்க, கைய எடுத்தாலும் ஒட்டி நிக்கணும்.

தெம்பனிஸ் அம்மா: டிசம்பர் லீவுல தியோமான் போலாமா?

கூடாது. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, மெர்சிங் ஊர்லேர்ந்து தியோமான் போற ஃபெர்ரி ரொம்பக் குறைவாதான் ஓடும். அந்த நேரத்துக்கு புக்கெட் பக்கம் நல்லாருக்கும்.

கிளமெண்டி மாணவி: சிங்கப்பூர்லயே பழக முடியாதா?

புலாவ் ஹந்துன்னு ஒரு தீவு இருக்கு. நம்ம கடல்ல 250 வகைக்கு மேல கடின பவளம் இருக்கு, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா தண்ணி கலங்கல், பல நாள் ரெண்டு மூணு மீட்டருக்கு அப்பால எதுவும் தெரியாது, நீரோட்டமும் இழுக்கும். ஹந்துன்னா மலாய்ல பேய், பயந்த ஆளுக்கு மொத தடவையே பேய் எதுக்கு? ரெண்டாவது ட்ரிப்புக்கு வச்சுக்கோ. தனியா போகாத.

டெக் அண்ணன்: வாயில கடிக்கவே வேண்டாம், முகம் முழுக்க மூடற ஃபுல் ஃபேஸ் மாஸ்க் ஆன்லைன்ல சீப்பா கிடைக்குது. பயந்தவங்களுக்கு அதானே பெஸ்ட்?

வேண்டாம். உள்ள இடம் பெருசு, வால்வு சரியில்லாத மலிவு மாஸ்க்ல நம்ம விட்ட மூச்சே உள்ள சுத்தும், கார்பன் டை ஆக்ஸைடு ஏறி தல கிறுகிறுக்கும். சாதா ட்யூபுன்னா துப்பிட்டு மூச்சு விடலாம், இத முழுசா கழட்டணும், பதட்டத்துல பட்டை எங்கன்னு கை தேடும்.

டெக் அண்ணன்: 2020ல இத்தாலி ஆஸ்பத்திரில கொரோனா பேஷண்ட்டுக்கே இதத்தானே மாட்டினாங்க?

மாட்டினாங்க. 3டி பிரிண்டர்ல தனி வால்வு செஞ்சு, ஆக்ஸிஜன் அனுப்பி, பக்கத்துல நர்ஸ் நின்னு. உங்க பக்கத்துல யாரு நிப்பா, மீனா?

மீசைக்காரன்: எங்க வீட்டு மீனா வேணா வந்து நிப்பாங்க.

உட்லண்ட்ஸ் மருமகள்: எங்க மாமியார் அதத்தான் போட்டாங்க, ஜாலியா இருந்தாங்களே.

எவ்ளோ ஆழத்துல, எத்தன நிமிஷம்? முழங்கால் தண்ணில அஞ்சு நிமிஷம்னா பக்கெட்ட கவுத்துக்கிட்டாலும் ஜாலியாதான் இருக்கும் லா.

தேக்கா தம்பி: சுறா இருக்குமா?

கறுப்பு முனை சுறா இருக்கும், உன்னப் பாத்தா அதுவே ஓடும். டைட்டன் ட்ரிக்கர்ஃபிஷ்னு ஒரு மீன்தான் கடிக்கும், முட்ட வச்சிருந்தா விரட்டி வரும். அது காவல் காக்கற இடம் கூம்பு மாதிரி மேல மேல அகலமாகும், அதனால மேல ஏறாம பக்கவாட்டுல விலகிப் போ.

ஈஸ்ட் கோஸ்ட்: ஆஸ்துமா இருக்கு?

டாக்டர்.

புக்கிட் பாத்தோக்: நீச்சல் தெரியாது, எனக்கும்...

ஐயோ. மேல. மேல. மேல. தனியா போகாதீங்க.

டெக் அண்ணன்: அக்கா, அந்த மாஸ்க்க ஏற்கனவே ஆர்டர் பண்ணிட்டேன்.

ரிட்டர்ன் போடுங்க. எடுத்துக்கலன்னா வெங்காயம் நறுக்கறப்போ மாட்டிக்கோங்க, கண்ணு எரியாது.