எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்குக் கோடைகாலத்தை மையமாக வைத்து என்னென்ன செயல்பாடுகள் நடத்தலாம்?

காரைக்குடிப் பக்கத்து மழலையர் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், மார்ச் இறுதியிலிருந்து ஆண்டு விடுமுறை வரை ‘கோடைகாலம்’ என்ற தலைப்பில் வகுப்பு நடத்தச் சொல்லியிருப்பதாகவும், இணையத்தில் தேடினால் மணல் வாளியும் கறுப்புக் கண்ணாடி போட்ட சூரியனும் அச்சிட்ட தாள்களே கிடைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே வட்டாரத்தில் பல ஆண்டுகளாக மழலையர் வகுப்பு எடுத்து வருபவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அந்தத் தாள்கள் ஜூன் மாதத்தில் வெயிலைக் கண்டு மகிழும் குளிர்நாட்டுக் குழந்தைகளுக்காக வரையப்பட்டவை. நம் பிள்ளைகளுக்கு வெயில் பழக்கப்பட்டது. வேன் இருக்கை சுடுவதும், மதியம் தெருவில் ஆளரவம் அடங்குவதும், மாடியில் வத்தல் காய்வதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே, கோடை முழுவதையும் ‘வெயில் இன்றைக்கு என்ன வேலை செய்தது?’ என்ற ஒரே கேள்விக்குள் அடக்கிவிடுவது என் வழக்கம். அறிவியல், எண்ணிக்கை, மொழி மூன்றும் அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடுகின்றன.

நிழலில் தொடங்குவது எளிது. காலையில் பள்ளி கூடியதும், ஒரு குழந்தையைத் தரையில் நிற்க வைத்து, அதன் நிழலைச் சாக்பீஸால் சுற்றி வரையச் சொல்லுங்கள். இடைவேளையில் அதே குழந்தையை அதே பாதச் சுவட்டில் நிற்க வைத்து, வேறு வண்ணத்தில் வரையச் சொல்லுங்கள். நிழல் குட்டையாகியிருப்பதையும் பக்கம் மாறியிருப்பதையும் நாம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே கத்திச் சொல்லிவிடுவார்கள். உங்கள் பள்ளி பழைய செட்டிநாட்டு வீட்டில் நடந்தால், நடுவே வானம் பார்த்திருக்கும் வளவுக்குள் விழும் வெயில் சதுரமே போதும். மணி அடிக்கும்போதெல்லாம் அதன் ஓரத்தைத் தரையில் குறித்து வந்தால், வெயில் நடக்கிறது என்று நான்கு வயதுக் குழந்தையும் சொல்லும். நடப்பது பூமிதான் என்ற விளக்கத்தை இந்த வயதில் திணிக்காதீர்கள். அதற்கு இன்னும் சில வகுப்புகள் இருக்கின்றன.

நிழல் பாடத்துக்கென்றே நம் ஊருக்கு ஒரு நாள் வாய்த்திருக்கிறது. காரைக்குடி வடக்கே ஏறக்குறைய பத்து பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 16ஆம் தேதியை ஒட்டி, பகல் 12.15 மணியளவில், சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டுக்குத்தாக நிற்கும் பொருளுக்கு அந்தச் சில நிமிடங்கள் பக்கவாட்டில் நிழலே இருப்பதில்லை. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் வருவதால் நினைவில் வைத்துக்கொள்வதும் எளிது. அன்று குழந்தைகளைத் தாழ்வாரத்து நிழலிலேயே உட்கார வைத்து, ஒரு தண்ணீர் பாட்டிலையோ மரக்கட்டையையோ மட்டும் வெயிலில் நிறுத்துங்கள். நிழல் எங்கே போனது என்று கேட்டுவிட்டு, வரும் விடைகள் அனைத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். ‘மிஸ், நெழல் அதுக்குள்ளேயே போய் ஒளிஞ்சுக்கிருச்சு’ என்று ஒரு யு.கே.ஜி. பையன் சொன்னதைவிடச் சரியான விடையை என்னால் சொல்லியிருக்க முடியாது. அன்றும், மற்ற எந்த நாளிலும், சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு பட்டைத் தூரிகையும் கொடுத்து, வெயில் படும் சிமெண்டுத் தரையில் ட, ப, ம என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது எழுத்தை முடிப்பதற்குள் முதல் எழுத்து மறையத் தொடங்கும். குழந்தைகள் அதைத் துரத்திப் பிடிப்பதுபோல் மீண்டும் மீண்டும் எழுதுவார்கள். சிலேட்டில் பத்து முறை எழுதச் சொன்னால் அழும் பிள்ளை இதில் கை வலிப்பதையே மறந்துவிடுகிறது. அதே எழுத்தை உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த நிழலான தரையிலும் எழுதச் செய்தால், அங்கே அது நெடுநேரம் நிற்கும். எழுத்து எங்கே முதலில் காய்ந்தது, ஏன் என்ற பேச்சு தானாக எழும். அந்தக் கல் சூளையில் சுடாமல், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, பின் நீரில் ஊறவைத்து உருவாக்கப்படுவது என்பதைக் கதையாகச் சொல்லலாம். ஆத்தங்குடியிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் இருந்தால் அதையே சொல்ல வையுங்கள். ஈரம் பட்டால் அந்தத் தரை வழுக்கும், ஆகவே துணியோடு ஓர் ஆயா பக்கத்தில் இருக்க வேண்டும்.

மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் தண்ணீர் நிரப்பிக் காற்றோட்டமான நிழலில் வைத்து, மதியம் இரண்டையும் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். பானைதான் அதிகம் குளிர்ந்திருக்கும். அதன் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்வதுதான் காரணம்; குழந்தைக்கு ‘பானைக்கு வேர்க்குது’ என்ற அளவு போதும். அந்தப் பானையிலிருந்து சிறு சொம்பால் மொண்டு டம்ளரில் சிந்தாமல் ஊற்றுவதைத் தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில், முதலில் தானியத்தையும் பிறகு தண்ணீரையும் ஊற்றிப் பழகுவது அடிப்படைப் பயிற்சி. நம் கோடையில் அதற்குத் தனி உபகரணம் வாங்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வத்தல். பிள்ளைகளில் யாருடைய ஆச்சியையாவது ஒரு காலைப் பொழுது வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்கும் ஆச்சியை நான் இதுவரை பார்த்ததில்லை. அரிவாள்மனை அவரிடம் இருக்கட்டும், குழந்தைகள் நறுக்கிய புளிப்பு மாங்காய்த் துண்டங்களைப் பெரியது, நடுத்தரமானது, சிறியது என்று பிரித்து, உப்பில் புரட்டித் தட்டில் பரப்பட்டும். பிறகு ஒரு குச்சியின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் ஒரே அளவுள்ள ஓலைக் கொட்டான்களை மாட்டினால் தராசு தயார். ஒன்றில் பத்துத் துண்டங்கள், மற்றொன்றில் அவற்றுக்குச் சமமாகப் புளியங்கொட்டைகள். கொட்டைகளை எண்ணி எழுதி, துண்டங்களை மாடியில் வெயிலில் வைத்துவிட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே துண்டங்களை நிறுத்துப் பாருங்கள். மாங்காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர்தான் என்பதால், ஒவ்வொரு நாளும் கொட்டைகளை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கழித்தல் என்ற பெயரைச் சொல்லாமலே கழித்தலை அவர்கள் செய்துவிடுவார்கள். துண்டம் சுருங்குவதை நாளுக்கு ஒரு படமாக வரையச் சொன்னால், வரிசைப்படுத்தும் பயிற்சியும் சேர்ந்துவிடும். காக்கைக்குக் கறுப்புத் துணி கட்டிக் காவல் நிற்கும் பொறுப்பைக் காலை வேளையில் முறை வைத்துக் கொடுங்கள். அந்த முறைக்காக நடக்கும் சண்டையைத் தீர்ப்பதும் பாடத்தில் ஒரு பகுதிதான். எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் மட்டும் புளியங்கொட்டையைக் கொடுக்காதீர்கள். வாய்க்கும் மூக்குக்கும் போகும் பொருள் அது. அவர்களுக்கு ஒரே அளவான பெரிய மரக்கட்டைகள் போதும்.

நுங்கு வரத் தொடங்கியதும் ஒரு குலை வாங்கி, சீவாத காயைக் காட்டி, உள்ளே எத்தனை கண் இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று, சிலவற்றில் இரண்டே இருக்கும். யாருடைய ஊகம் சரி என்று கோடு கிழித்துக் கணக்கு வைக்கலாம். தின்ற பின் காலிக் காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டுவது எப்படி என்பதை அப்பாக்கள் யாராவது வந்து காட்டுவார்கள். பனை நம் மாநில மரம் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடலாம். பறவைக்குத் தண்ணீர் வைப்பது, பானகம் கலக்குவது ஆகியவற்றை எல்லோரும் செய்கிறார்கள். செய்யுங்கள், விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊருணியில் நீர் இறங்குவதைக் காட்டப் பலரும் குழந்தைகளை அழைத்துச் செல்ல விரும்புவார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் கூட்டமாக நீர்நிலைப் படிக்கட்டில் நிற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரம் ஒரு முறை, நீங்களே ஒரே இடத்திலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, வரிசையாகச் சுவரில் ஒட்டி, வெளியே தெரியும் படிகளை எண்ணச் சொல்லுங்கள். வெயில் ஊருணியில் செய்யும் வேலையை அவர்கள் வகுப்பிலிருந்தே பார்த்துவிடலாம்.

வெளியில் செய்பவற்றைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், போகும் முன்னும் வந்த பின்னும் தண்ணீர் குடிக்க வையுங்கள். முகம் சிவந்து சோர்ந்திருக்கும் பிள்ளையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உடனே நிழலுக்கு அழைத்து வாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு செயல்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கொன்று மாற்றினால் வத்தல் காய்வதற்கே நேரம் இருக்காது.

நிர்வாகம் சுவருக்கு அலங்காரம் கேட்கும், அது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். அதற்காகத் தனியே சூரியன் வெட்டி ஒட்ட வேண்டாம். நிழல் கோடுகளைப் பழுப்புத் தாளில் படியெடுத்து, மாங்காய்ப் படங்களையும் புளியங்கொட்டைக் கணக்கையும் அருகில் ஒட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் குழந்தையே சுட்டிக்காட்டி விளக்கும். மே மாதத்துக்கு வீட்டுப்பாடம் கேட்கும் பெற்றோரிடம், அக்னி நட்சத்திரம் முடியும் வரை பிள்ளையை மதிய வெயிலில் விடாமல், மாலையில் மாடித் தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.