பள்ளியில் துப்பாக்கிச் சூடு: போலீஸ் வருமுன் எதெல்லாம் தயாராக இருக்க வேண்டும்? – கேள்வி பதில்

அமெரிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: ஸ்வாட் படை (போலீஸின் சிறப்பு ஆயுதப் பிரிவு) வரும்வரை மற்ற போலீஸார் வெளியே காத்திருப்பார்களா?

காத்திருக்கக் கூடாது. 1999-இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது காத்திருந்தார்கள். உள்ளே குண்டடிபட்ட ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் ரத்தம் இழந்து இறந்தார். அதன்பின் பயிற்சியே மாறியது: முதலில் வந்து சேர்பவர், தனி ஆளாக இருந்தாலும், சுடும் சத்தத்தை நோக்கிப் போக வேண்டும். அப்படியும் 2022-இல் டெக்சாஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 376 போலீஸார் குவிந்தார்கள், சுட்டவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. உள்ளே பதுங்கிவிட்டான், இனி அவசரமில்லை என்று தப்புக் கணக்குப் போட்டது ஒரு காரணம். யார் உத்தரவிடுவது என்று தெரியாதது இன்னொன்று. பள்ளிப் போலீஸ், நகரப் போலீஸ், கவுண்டி ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) மூன்று தரப்பும், முதலில் யார் பொறுப்பு, பிறகு யாரிடம் கைமாறும் என்பதை இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும்.

கே: எங்கள் வகுப்பறைக் கதவை வெளியிலிருந்துதான் பூட்ட முடியும். பரவாயில்லையா?

முதலில் அதை மாற்றுங்கள். உள்ளிருந்தே பூட்ட வேண்டும். வெளியேறும்போது கைப்பிடியை ஒருமுறை திருப்பினாலே திறக்க வேண்டும். கதவுக்குக் குறுக்கே மாட்டும் இரும்புத் தண்டுகளை வாங்காதீர்கள். தீப்பிடித்தால் பிள்ளைகள் சிக்குவார்கள். சுடுபவனே உள்ளிருந்து மாட்டிக்கொண்டால் போலீஸ் நுழைய முடியாது. யுவால்டியில் அந்த வகுப்பறைப் பூட்டு பழுது என்பது பள்ளியில் பலருக்கும் முன்பே தெரியும், ஆனால் யாரும் சரிசெய்யவில்லை.

கே: எல்லா அறைகளையும் திறக்கும் மாஸ்டர் சாவி அலுவலகத்தில் இருக்கிறது. போதாதா?

அலுவலகத்திலேயே சூடு நடந்தால்? வாசல் சுவரில் பதித்த சாவிப்பெட்டியில் ஒரு கொத்து, ரோந்து வண்டிகளில் சில கொத்துகள் வேண்டும். நடுவில் இரண்டு அறைகளுக்குப் பூட்டு மாற்றியிருப்பார்கள், பழைய மாஸ்டர் சாவி அங்கே சேராது. கோடை விடுமுறையில் ஒவ்வொரு கதவிலும் போட்டுத் திருப்பிப் பாருங்கள்.

கே: போலீஸுக்கு என்ன வரைபடம் தர வேண்டும்?

ஒரே தாளில் அடங்கும் மாடி வரைபடம். பிரதான வாசல் 1. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் வெளிக்கதவுகளுக்கு எண். அதே எண் கதவின் உள்ளேயும் வெளியேயும், சாலையிலிருந்து படிக்கும் அளவில் இருக்க வேண்டும். வரைபடத்தில் 'நூலகம்' என்று இருக்கும், போய்ப் பார்த்தால் கணினி அறை. இந்தக் குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு. போலீஸ் ரேடியோ எடுக்காத இடங்களையும் குறியுங்கள். மாடிப்படி, உடற்பயிற்சிக் கூடம், நிலவறை என ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

கே: ஆபத்தை அறிவிக்க 'கோட் ரெட்' போன்ற குறிச்சொல் வேண்டுமா?

வேண்டாம். அன்று மட்டும் வந்த பதிலி ஆசிரியருக்கு அது புரியாது. "லாக்டவுன்! கதவைப் பூட்டுங்கள், விளக்கை அணையுங்கள், கண்ணில் படாதீர்கள்" போதும். தலைமையாசிரியர்தான் அறிவிக்க வேண்டும் என்று விதி வைக்காதீர்கள். சமையலறை ஊழியரும் அறிவிக்கலாம். 2018-இல் ஃப்ளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் சூடு நடந்தபோது லாக்டவுன் அறிவிப்பு தாமதமானது. அதற்குள் தீ எச்சரிக்கை மணி அடிக்க, மாணவர்கள் நடைகூடத்துக்கு வந்துவிட்டார்கள். கேமரா காட்சியும் 20 நிமிடத்துக்கு மேல் பழையது. நேரலை என்று நம்பிப் போலீஸ் அதைப் பின்தொடர்ந்தது. திரையைப் பார்த்துச் சொல்பவர், மூலையில் ஓடும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும்.

கே: காயம்பட்டவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை?

கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் டூர்னிகே (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும்) பட்டை: காயத்துக்கு 2–3 அங்குலம் மேலே, உடல் பக்கமாக, மூட்டின்மேல் படாமல். ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள், கட்டிய நேரத்தை எழுதுங்கள், பிறகு தளர்த்தாதீர்கள். இந்தப் பட்டை உள்ள முதலுதவிப் பெட்டியை வகுப்பறைகளுக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். மருத்துவ உதவியாளர்களைப் போலீஸ் காவலோடு உள்ளே அழைத்துப்போகும் முறையை போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்று துறைகளும் சேர்ந்து பழக வேண்டும். வாசலில் விட்டுப்போன போலீஸ் வண்டிகளே ஆம்புலன்ஸை மறிப்பதுண்டு. ஒரு பாதையை எப்போதும் காலியாக விடுங்கள்.

கே: பொய்த் துப்பாக்கியோடு பிள்ளைகளுக்கு ஒத்திகை?

கூடவே கூடாது. அது போலீஸுக்கும் ஊழியர்களுக்கும், பிள்ளைகள் இல்லாத நாளில். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பூட்டி அமைதியாக உட்காரும் சில நிமிடங்கள் போதும்.

கே: பெற்றோர் எங்கே வர வேண்டும்?

பள்ளிக்கு வேண்டாம். முன்பே ஒப்புக்கொண்ட வேறொரு கட்டடத்துக்கு வரச் சொல்லுங்கள். பெற்றோர் ஒரு வாசல், பிள்ளைகள் மறு வாசல். அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டுப் பெயரோடு ஒப்பிட்டு, கையெழுத்து வாங்கிய பிறகே பிள்ளையை அனுப்ப வேண்டும். மின்சாரமும் இணையமும் போகலாம். பட்டியலை அச்சிட்டுக் கையில் வையுங்கள்.