பழைய எலெக்ட்ரிக் ட்ரெயினைக் காப்பாற்றுவது: கேள்வி பதில்

மின்ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கார் ஷெட்டில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். பெட்டி, மோட்டார், பிரேக் பற்றிக் கேளுங்கள்.

பல்லாவரம் வாசகர்: ஊட்டி ரயில் இன்னும் ஓடுகிறது. பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ் வண்டியை மட்டும் ஏன் ஓட்டிக்காட்டக் கூடாது?

நீராவி எஞ்சின் தன் சோற்றைத் தானே சுமந்துகொண்டு போகும். மின்ரயிலுக்கு வழிநெடுகக் கம்பி கட்டி ஊட்ட வேண்டும். 1931இல் பீச்–தாம்பரம் கம்பியில் இருந்தது 1500 வோல்ட் டிசி (நேர் மின்னோட்டம்). 1960களில் அது 25,000 வோல்ட் ஏசி (மாறு மின்னோட்டம்) ஆனது. முதல் தலைமுறை வண்டிகள் அத்தோடு அனாதை. துரு அவற்றைக் கொல்லவில்லை, கரண்ட் மாறியதுதான் கொன்றது. அடுத்து வந்த, பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த வண்டிகளுக்குக் கம்பி இன்றும் சரி. ஆனால் 2004இல் மீட்டர்கேஜ் சேவையே நின்றுபோய், கீழே தண்டவாளம் இல்லை.

சக்கரத்தை அகலமாக்கினால் போதாதா என்பீர்கள். மீட்டர்கேஜின் 1000 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிராட்கேஜின் 1676 ஆக்க வேண்டும். மோட்டாரின் ஒரு பக்க பாரம் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அச்சு மாறினால் போகியும் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) மாறும். மிஞ்சுவது பழைய சட்டை போட்ட புது வண்டி.

மாட்டுங்கா வாசகர்: எங்கள் பம்பாய் வண்டி உங்களுக்கு மூத்தது!

மறுக்கவில்லை. 1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா. உங்கள் கம்பியும் 1500 வோல்ட்தான். 2016 ஏப்ரலில் ஹார்பர் தடமும் ஏசிக்கு மாறியதோடு அது முடிந்தது. சிட்னியைப் பாருங்கள். 1926இல் போட்ட அதே 1500 வோல்ட் இன்றும் இருப்பதால், பழைய சிவப்பு வண்டிக்கு அங்கே சொந்தக் கம்பியிலேயே உயிர் இருக்கிறது.

ஒரு உணவக உரிமையாளர்: பெட்டி ஒன்று வாங்கலாமா?

நிறுத்தப்போகும் இடத்துக்குக் கூரை போட்டுவிட்டு வாங்குங்கள்.

சைதாப்பேட்டை வாசகர்: மறுபடி ஓட்ட வாய்ப்பு உண்டா?

முதல் பதில்.

கல்லூரி மாணவி: பழைய பெயின்டைச் சுரண்டினால் அசல் நிறம் தெரியுமா ஐயா?

தெரியும்மா, ஆனால் கை வைக்காதே. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், தகட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் தேய்ப்பதோ துளை போடுவதோ கூடவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை.

திருச்சி வாசகர்: பீச்–தாம்பரம் தடத்து மின் எஞ்சின்கள் பற்றி?

என் துறை இல்லை. லோகோ ஷெட் ஆட்களைக் கேளுங்கள்.

குரோம்பேட்டை வாசகர்: பெட்டியைப் புதுசாக வந்த நாள் மாதிரி ஆக்குவதுதானே முறை?

இல்லை. கடைசியாக ஓடிய நாள் எப்படி இருந்ததோ, அப்படி.

அவரே: அப்படியானால் கிழிந்த சீட்டும் வெற்றிலைக் கறையுமா வரலாறு?

கறையைத் துடையுங்கள். வாசல் கம்பியில் கை பட்டுப் பட்டு மழமழப்பான இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள். ஒரு பெட்டியில் உள்ளே எழுதியிருந்த பராமரிப்புத் தேதிகளை எல்லாம் 'அழகுக்காக' அழித்துவிட்டுப் பெருமையாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்தப் பெட்டியின் ஜாதகமே அதுதான்.

மயிலாப்பூர் வாசகர் (குறுக்கே): என் பேரனுக்கு முதல் நாள் வண்டியைக் காட்ட வேண்டாமா?

படம் காட்டுங்கள், மாதிரி செய்து வையுங்கள். ஒரே பெட்டி மிஞ்சியிருக்கும்போது அதை நடிக்க வைக்காதீர்கள். குரோம்பேட்டைக்காரரும் நீங்களும் ஒரே கட்சி போலிருக்கிறது. நான் மாறுவதாக இல்லை.

அரக்கோணம் வாசகர்: ஓட்டுநர் கைப்பிடியை விட்டால் வண்டி தானே நிற்குமாமே?

நிற்கும். 'டெட்மேன்' என்போம். ஓட்டுநர் மயங்கிக் கை தளர்ந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போவது நின்று பிரேக் பிடிக்கும். அந்தக் கைப்பிடி பத்திரம்: ஓரங்கட்டிய பெட்டியில் செம்பும் பித்தளையும்தான் முதலில் காணாமல் போகும். எனவே கேபினைப் பூட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

செங்கல்பட்டு வாசகர்: ஓட்ட முடியுமா?

மேலே பாருங்கள் ஐயா, மேலே!

ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளர்: பெட்டி வந்து இறங்கிவிட்டது. எந்த பெயின்ட் வாங்குவது?

மறுபடி கூரைதான். தண்ணீர் மேல் இணைப்பு வழியாகவும் ஜன்னல் ஓரமாகவும் இறங்கி, இரண்டு தகட்டுக்கும் நடுவே தங்கும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே அடித்தகடு உள்ளிருந்து அரித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை போடுங்கள். பெயின்ட் டப்பாவைத் தை மாதம் திறந்துகொள்ளலாம்.