கட்டிக்குள் ரத்தம்: நைட்ரிக் ஆக்ஸைடு பற்றிய கேள்விகள்

பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர் பதில் அளிக்கிறார்.

ஐயா, வாளையாறில் நிற்கும் லாரிகளின் புகையில் உள்ள வாயுதானே இது? உடம்புக்குள் இதற்கு என்ன வேலை?

அதே வாயுதான் தம்பி. ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இதை மிகச் சிறிய அளவில் தயாரிக்கின்றன. அது சுவரில் உள்ள தசையைத் தளர்த்தும், குழாய் விரியும். சில விநாடிகளில் வாயு அழிந்துவிடும். இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய்க் கட்டிக்கு இது உதவுகிறதா?

பெரும்பாலும் உதவுகிறது. ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர, கட்டிக்குச் சொந்த ரத்தக்குழாய்கள் வேண்டும். அதற்காகக் கட்டி சுரக்கும் விஇஜிஎஃப் என்ற புரதம், உள்சுவரில் இந்த வாயுவின் உற்பத்தியைத் தூண்டுகிறது. குழாய்கள் முளைக்கின்றன, ஆனால் கோணலும் கசிவுமாக. அதே வாயு மிக அதிக அளவில் சேர்ந்தால் புற்றுச் செல்களையே கொல்லவும் செய்யும். நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. எங்கே, எவ்வளவு என்பதே கேள்வி.

அப்படியானால் வாயுவைத் தடுத்து ரத்தத்தை நிறுத்திவிடலாமே?

முயன்றிருக்கிறார்கள். பிரிட்டனில் 18 நோயாளிகளுக்குத் தடுப்பு மருந்தை ஒரு தடவை மட்டும் ஊசியில் செலுத்தினார்கள். கட்டிக்குள் இருந்த ரத்தத்தின் அளவு குறைந்தது. 2007இல் வெளியான ஆய்வு அது. ஆனால் ரத்தம் குறைந்தால் கீமோ மருந்தும் போய்ச் சேராது. ஆக்ஸிஜன் இல்லாத செல்களைக் கதிர்வீச்சும் எளிதில் கொல்லாது.

கட்டிக்கு ரத்தத்தைக் கூட்டி மருந்தைச் சேர்க்கும் எதிர்வழியிலும் சிக்கல் உண்டு. உடம்பு முழுவதும் குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தால், தசை உள்ள நல்ல குழாய்கள் விரியும். தசை குறைந்த கட்டிக் குழாய்கள் அவ்வளவு விரியா. மேல்மடைகளை அகலத் திறந்தால் கடைமடை காய்வதை நம் சித்தூர் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய். பீட்ரூட் சாறும் அர்ஜினின் பொடியும் கொடுக்கலாமா?

பீட்ரூட்டைப் பொரியலாகத் தாராளமாகக் கொடுங்கள் அம்மா. அதன் நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியா மாற்றித் தர, உடம்பில் இந்த வாயு உருவாகும். ரத்த அழுத்தம் சற்றுக் குறையலாம். கட்டியை மட்டும் தேடிப்போய் அது எதுவும் செய்யாது. அர்ஜினின் பொடியை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

நெஞ்சுவலி மருந்தான நைட்ரோகிளிசரின், நுரையீரல் புற்றுக்கும் பலன் தரும் என்கிறார்களே?

2006இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று, கீமோவுடன் அதன் ஒட்டுப்பட்டையைச் சேர்த்தபோது நம்பிக்கை தந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை.