வாசகர் கேள்விகள்: கோல்ஃபைப் பிளந்த பணம்

கேள்வி: பிஜிஏ டூர், லிவ் கோல்ஃப் என்று விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். கோல்ஃப் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்திராத எனக்கும் புரியும்படி, சண்டை எதற்கு என்று சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: வீரர்களுக்குப் பணம் எப்படிக் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் பாதி புரிந்துவிடும். அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுபவர் சம்பளக்காரர் அல்லர். வியாழக்கிழமை முதல் ஞாயிற்றுக்கிழமை வரை, நாளுக்கு 18 வீதம் 72 குழிகள் ஆடுவதே அங்கு வழக்கமான போட்டி. வெள்ளிக்கிழமை மாலை 36 குழிகள் முடிந்ததும் முதல் 65 இடங்களில் இருப்பவர்களும் அவர்களுக்குச் சமமான மட்டையடி எண்ணிக்கை எடுத்தவர்களும் மட்டுமே மீதி இரண்டு நாள்களும் ஆடலாம். இதற்கு 'கட்' என்று பெயர். அதைத் தாண்டாதவர் விமானக் கட்டணம், விடுதி வாடகை, பையைச் சுமக்கும் கேடியின் கூலி எல்லாவற்றையும் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பரிசுப்பணம் ஒரு காசுகூட இல்லாமல் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் கொட்டிய பணத்தில் பிறந்த லிவ் கோல்ஃப் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. 2022 ஜூன் மாதம் லண்டனுக்கு வெளியே செஞ்சூரியன் மைதானத்தில் நடந்த முதல் போட்டியில் ஆடியவர்கள் 48 பேர். மூன்றே நாள்கள், 54 குழிகள், 'கட்' கிடையாது. வீரர்களை லண்டனின் கறுப்பு டாக்சிகளில் ஏற்றி ஆளுக்கொரு குழியருகே இறக்கிவிட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் வந்த தென்னாப்பிரிக்காவின் சார்ல் ஷ்வார்ட்செலுக்கு அணிப் பரிசையும் சேர்த்து 47.5 லட்சம் டாலர் கிடைத்தது. கடைசி இடம் பிடித்தவருக்கும் 1,20,000 டாலர் உண்டு. மொத்தப் பரிசுத்தொகை 2.5 கோடி டாலர். அதே வாரம் டொராண்டோவில் நடந்த பிஜிஏ டூரின் கனடிய ஓபனில் மொத்தப் பரிசே 87 லட்சம் டாலர்தான்.

அந்தக் கனடிய ஓபனை வென்ற ரோரி மெக்கில்ராய், டூரில் இது தன் 21-வது வெற்றி என்றும், இன்னொருவரைவிட ஒன்று கூடுதல் என்றும் பேட்டியில் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. டூரில் 20 வெற்றிகள் பெற்றவர், அப்போது லிவ் அமைப்பின் தலைமை அதிகாரியாக இருந்த கிரெக் நார்மன்.

கேள்வி: கூடுதல் சம்பளம் கொடுத்தால் நானும் வேறு வங்கிக்குப் போகத்தான் செய்வேன். கோல்ஃப் வீரர்கள் போனால் மட்டும் அது துரோகமா?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: துரோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். டூரின் உறுப்பினர், அதன் போட்டி நடக்கும் வாரத்தில் வேறொரு போட்டிக்குப் போக வேண்டுமானால் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. லிவ் போட்டிக்கு அந்த அனுமதி மறுக்கப்பட்டது. மீறிப் போன 17 பேரை, செஞ்சூரியனில் முதல் பந்து அடிக்கப்பட்ட சற்று நேரத்திலேயே டூர் இடைநீக்கம் செய்தது. இதுவரை இது வேலைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்குதான்.

ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018-ல் இஸ்தான்புல்லில் உள்ள சவூதித் தூதரக அலுவலகத்துக்குள் கொல்லப்பட்டதை உலகம் மறக்கவில்லை. முன்னணி கோல்ஃப் வீரர் பில் மிக்கெல்சனும் மறக்கவில்லை. அந்த அரசின் கொடுமைகளை அறிந்தும், டூரின் கையை முறுக்க இது நல்ல வாய்ப்பு என்பதால் அவர்களுடன் பேசுவதாக அவர் ஒரு எழுத்தாளரிடம் சொன்னது 2022 பிப்ரவரியில் வெளியானபோது, பல விளம்பரதாரர்கள் அவரைக் கைவிட்டார்கள்.

டூர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் ஆணையர் ஜே மோனஹன், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உறவினரை இழந்த குடும்பங்களை நினைவூட்டி, பிஜிஏ டூரில் உறுப்பினராக இருப்பதற்காக எந்த வீரராவது மன்னிப்புக் கேட்க வேண்டி வந்ததுண்டா என்று தொலைக்காட்சியில் கேட்டார். நல்ல கேள்விதான். ஓராண்டுக்குள் அதே நிதியத்தின் ஆளுநர் யாசிர் அல் ருமய்யானுடன் அவர் தோளோடு தோள் அமர்ந்ததால், அந்தக் கேள்வி அவரிடமே திரும்பி வந்தது. அறத்தைப் பேரம் பேசும் கருவியாக எடுத்தவர், பேரம் படிந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: 1977-ல் கெர்ரி பாக்கர் கிரிக்கெட்டில் செய்ததும் இதுதானே? நம் ஊரில் ஐசிஎல் வந்து காணாமல் போனதும் நினைவிருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: நல்ல ஒப்பீடு, ஆனால் ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது. அந்த இடமே முக்கியமானது.

பாக்கரின் கையில் ஒரு தொலைக்காட்சி நிலையம் இருந்தது. ஆஸ்திரேலிய வாரியம் ஒளிபரப்பு உரிமையைத் தர மறுத்ததால் வீரர்களை விலைக்கு வாங்கித் தனிக்கடை போட்டார். வீரர்களுக்குத் தடை விதித்த அமைப்புகளை எதிர்த்து லண்டன் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1979-ல் உரிமை கைக்கு வந்ததும் கடையைச் சாத்தினார். 2007-ல் ஜீ குழுமம் ஐசிஎல் (இந்தியன் கிரிக்கெட் லீக்) தொடங்கியதற்குப் பின்னாலும் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை கிடைக்காத கசப்பு இருந்தது. அதன் முதல் இருபது ஓவர் போட்டியைச் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் வென்றதைக் கும்பகோணத்துக்காரர் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியக் கிரிக்கெட் வாரியம் மைதானங்களின் கதவை மூடியது, ஆடியவர்களைத் தடை செய்தது, ஐபிஎல் என்ற பெரிய கடையைத் தானே திறந்தது. 2009-ல் மன்னிப்பு வழங்கி வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பாக்கருக்கும் ஜீ குழுமத்துக்கும் நஷ்டக் கணக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. ஒருவர் கேட்டது கிடைத்ததும் நிறுத்தினார். இன்னொருவர் தாங்க முடியாமல் நிறுத்தினார்.

2022-லேயே 60,000 கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்திருந்த அரசு நிதியத்துக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. அமெரிக்காவுக்கு வெளியே நடத்தும் வணிகத்தில் மட்டும் 2023-ல் லிவ் அமைப்புக்கு ஏறக்குறைய 39 கோடி டாலர் நஷ்டம். அடுத்த ஆண்டு போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. பட்டினி போட்டு விரட்ட முடியாத, எதைக் கொடுத்தால் போவார் என்றும் தெரியாத போட்டியாளரிடம் பழைய நிறுவனம் என்ன செய்ய முடியும்? டூர் திணறியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. பிஜிஏ டூரே ஒரு கலகத்தில் பிறந்த குழந்தை. தொலைக்காட்சிப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற தகராறில், ஜாக் நிக்லாஸ் உள்ளிட்ட முன்னணி வீரர்கள் 1968-ல் அமெரிக்க பிஜிஏ சங்கத்திலிருந்து பிரிந்து வந்து அமைத்ததுதான் அது. 1994-ல் முர்டாக்கின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் துணையோடு நார்மன் ஓர் உலகச் சுற்றை அறிவித்தபோது, அதே டூர் தடை மிரட்டலால் அதை முளையிலேயே கிள்ளியது. சில ஆண்டுகளில் அந்த யோசனையைப் பெரும்பாலும் ஒத்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டிகளைத் தானே தொடங்கியது. நார்மன் 28 ஆண்டுகள் காத்திருந்து வந்ததில் சொந்த வஞ்சமும் கொஞ்சம் கலந்திருந்தது என்று நினைப்பதில் தவறில்லை.

கேள்வி: இரண்டும் இணைந்துவிட்டதாக 2023-ல் படித்தேன். பிறகும் தனித்தனியாகவே நடக்கிறதே?
– வாசகர், சென்னை

பதில்: இணைந்ததாக அறிவித்தார்கள், இணையவில்லை. 2023 ஜூன் 6 அன்று மோனஹனும் அல் ருமய்யானும் தொலைக்காட்சியில் அருகருகே அமர்ந்து, வழக்குகளைக் கைவிட்டு ஒரே நிறுவனமாகச் செயல்படப் போவதாகச் சொன்னார்கள். டூரின் வீரர்களில் பெரும்பாலோர் இதைக் கைப்பேசியில் செய்தியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கோடிகளை மறுத்துவிட்டு டூரின் பக்கம் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஓராண்டாக டூருக்காக வாதாடிய மெக்கில்ராய், தன்னைப் பலி ஆடாக நிறுத்திவிட்டதுபோல் உணர்வதாக மறுநாள் சொன்னார். தன்னை இரட்டை வேடக்காரன் என்பார்கள் என்று மோனஹனே ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தமாக அவர்கள் கையில் இருந்தது ஒரு சட்டகம் மட்டுமே. அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது, ஆண்டின் இறுதி நாளாக வைத்த கெடு கடந்து போனது. அதற்குள், முன்பு டூருக்கு விசுவாசம் அறிவித்திருந்த ஸ்பெயினின் யோன் ராமையே லிவ் இழுத்துக்கொண்டது. 2024 ஜனவரி இறுதியில் டூர் வேறு அமெரிக்க முதலீட்டாளர்களிடம் 300 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பின் சவூதிப் பணம் டூருக்கு அவசரத் தேவையாக இல்லை. 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் டிரம்ப் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியும் கையெழுத்தாகவில்லை.

கேள்வி: இந்திய வீரர்கள் யாராவது லிவ் பக்கம் போனார்களா?
– வாசகர், ஓசூர்

பதில்: அனிர்பன் லாஹிரி. 2022 மார்ச்சில் டூரின் பெருமைக்குரிய பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு மட்டையடி வித்தியாசத்தில் இரண்டாம் இடம் பெற்று, 21.8 லட்சம் டாலர் வாங்கினார். அவரை முந்தியவர் ஆஸ்திரேலியாவின் கேமரூன் ஸ்மித். அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் இருவருமே லிவ் அமைப்பில் சேர்ந்தார்கள். பாஸ்டன் அருகே நடந்த தன் முதல் லிவ் போட்டியிலேயே லாஹிரி மூவர் மோதிய பிளே-ஆஃப் (சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டம்) வரை வந்தார். டஸ்டின் ஜான்சன் வெகு தொலைவிலிருந்து உருட்டிய பந்து குழியின் பின்விளிம்பில் மோதி உள்ளே விழுந்ததில் அதுவும் போயிற்று.

கேள்வி: செந்தோசாவில் லிவ் போட்டியை நேரில் பார்த்தேன். ஒரே பாட்டும் கூத்துமாக இருந்தது. இதில் நடப்பது கோல்ஃபா, காட்சி ஆட்டமா?
– தமிழ் வாசகர், சிங்கப்பூர்

பதில்: சத்தத்தை வைத்து ஆட்டத்தை எடைபோட வேண்டாம். அடிலெய்டில் 2023-ல் சேஸ் கோய்ப்கா 12-வது குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டபோது, கூட்டம் பீர்க் குவளைகளை மழையாக எறிந்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பிஜிஏ டூர் எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் திடல் நிரம்பியதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

தரத்துக்குச் சான்று வேண்டுமென்றால், கோல்ஃபில் உயர்ந்தவையாகக் கருதப்படும் நான்கு மேஜர் போட்டிகளைப் பார்க்க வேண்டும். அவற்றை நடத்துவது பிஜிஏ டூர் அன்று. அகஸ்டா நேஷனல், அமெரிக்க பிஜிஏ சங்கம், அமெரிக்க கோல்ஃப் சங்கம், ஆர் அண்ட் ஏ என்னும் நான்கு தனி அமைப்புகள். அவை தகுதியுள்ள லிவ் வீரர்களுக்குக் கதவை அடைக்கவில்லை. 2023-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை புரூக்ஸ் கோய்ப்கா லிவ் வீரராகவே வென்றார். 2024 ஜூனில் பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் அமெரிக்க ஓபனின் கடைசி ஒரு மணி நேரத்தில் இரு முகாம்களும் நேருக்கு நேர் நின்றன. டூரின் குரலாக இருந்த மெக்கில்ராய் 16-வது குழியில் இரண்டரை அடித் தூரத்திலிருந்தும், 18-வதில் நான்கு அடிக்கும் குறைவான தூரத்திலிருந்தும் பந்தை உள்ளே தள்ளத் தவறினார். அவருக்குப் பின்னால் வந்த லிவ் வீரர் பிரைசன் டிஷாம்போ அதே 18-வது குழியில் 55 கஜம் தள்ளியிருந்த மணல்குழிக்குள் மாட்டிக்கொண்டார். கோல்ஃபில் மிகக் கடினமானது என்று சொல்லப்படும் அந்தத் தூரத்திலிருந்து பந்தை மணலோடு வாரி எடுத்துக் குழிக்கு நான்கு அடி அருகே நிறுத்தி, ஒரு மட்டையடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். மெக்கில்ராய் யாரிடமும் பேசாமல் காரேறிப் போய்விட்டார். இந்தச் சண்டையில் இரு தரப்பும் சேர்ந்து ரசிகனுக்குக் கொடுத்த உருப்படியான ஒன்று இதுதான். ஆண்டுக்கு நான்கு வாரங்கள் தவிர மற்ற நாள்களில் இவர்கள் சந்திப்பதே இல்லை என்பதே ரசிகனின் நஷ்டம்.

கேள்வி: பிரைசன்களும் ராம்களும் பணம் சேர்த்தார்கள். டூரில் இருந்த சாதாரண வீரருக்கு என்ன கிடைத்தது?
– தணிக்கையாளர், ஈரோடு

பதில்: மேலே இருப்பவருக்கு நிறைய, கீழே இருப்பவருக்குக் கொஞ்சமும் பயமும். போட்டி வந்த பிறகுதான் டூர் தன் பெட்டியைத் திறந்தது: 2 கோடி டாலர் பரிசுள்ள சிறப்புப் போட்டிகள், டூர் அட்டை (டூரில் முழுமையாக ஆடும் உரிமை) வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 5 லட்சம் டாலர் உறுதி, வீரர்களுக்கு நிறுவனத்தில் பங்கு. ஸ்காட்டி ஷெஃப்லர் 2024-ல் பரிசாக மட்டும் 2.9 கோடி டாலருக்கு மேல் ஈட்டினார். அந்தச் சிறப்புப் போட்டிகளில் 70, 80 பேருக்குத்தான் இடம். பருவ முடிவில் 125 பேருக்குத் தொடர்ந்த முழு அட்டை இனி 100 பேருக்கு மட்டுமே. லிவ் அமைப்பின் குறையாகச் சொல்லப்பட்ட, புதியவர் எளிதில் நுழைய முடியாத மூடிய கடை முறை, அரைக் கதவாக டூருக்குள்ளும் வந்துவிட்டது.

கேள்வி: லிவ் ஏன் இப்போது 72 குழிகளுக்கு மாறியிருக்கிறது?
– வாசகர், திருச்சி

பதில்: பணத்தால் வாங்க முடியாமல் போன ஒன்றுக்காக. மேஜர் போட்டிகளுக்குள் நுழைய உலகத் தரவரிசை முக்கியமான வழி. லிவ் 2022-லேயே தரவரிசைப் புள்ளிகளுக்கு விண்ணப்பித்தது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய அதே ஆட்கள் ஆடும் அமைப்பில் புதியவர் உள்ளே வரவும் தோற்றவர் வெளியேறவும் போதிய வழியில்லை என்று 2023 அக்டோபரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. லிவ் வீரர்களின் இடம் வாராவாரம் சரிந்தது. 2025 இறுதியில் புரூக்ஸ் கோய்ப்கா லிவ் அமைப்பை விட்டு விலகினார். 50 லட்சம் டாலரை அறப்பணிக்குக் கொடுப்பது, ஐந்து ஆண்டுகளுக்கு நிறுவனப் பங்கு இல்லை என்பது போன்ற நிபந்தனைகளை ஏற்று 2026 ஜனவரியில் டூருக்குத் திரும்பினார். அடுத்த மாதம், முதல் 10 இடங்களைப் பிடிப்பவர்களுக்கு மட்டும் என்ற அளவில் லிவ் போட்டிகளுக்குத் தரவரிசைப் புள்ளிகள் கிடைத்தன. அதற்காக அது நான்காம் நாளையும் சேர்த்துக்கொண்டிருந்தது. ரோமானிய எழுத்து முறையில் 54 என்று எழுதினால் 'லிவ்' என்று படிக்கலாம். 54 குழிகள் என்பதால் வைத்த பெயர் அது. குழிகள் 72 ஆன பிறகும் பெயரை மாற்றவில்லை.