'கோஆர்டினேட் பண்ணு'ன்னு பாஸ் சொன்னா என்ன செய்யணும்?

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்னுல கிளார்க்கா இருக்குற தங்கச்சி கேட்டிருக்கா: "அக்கா, மேனேஜர் மீட்டிங்ல 'யூ கோஆர்டினேட் த ஸ்டாக் செக்'னு சொல்லிட்டு போயிட்டாரு. நானும் ரெண்டு நாள் ஓவர்டைம் போட்டு ஸ்டோர்ல நின்னு எல்லாத்தையும் நானே எண்ணி முடிச்சேன். இப்ப வந்து 'உன்னைய யாரு எண்ணச் சொன்னா'ங்குறாரு. அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?"

கால் வலிச்சிருக்கும் பாவம். ஆனா மேனேஜர் கேட்டதுல தப்பு இல்லம்மா.

லத்தீன்ல 'கோ'ன்னா கூட, 'ஓர்டோ'ன்னா வரிசை. சபார்டினேட்ங்குற வார்த்தையும் இதே வரிசையில இருந்து வந்ததுதான், அதுல 'சப்'னா கீழ. சபார்டினேட் உனக்குக் கீழ நிக்குற ஆளு, கோஆர்டினேட்ல யாரும் மேல கீழ கிடையாது, எல்லாரும் ஒரே வரிசை. அதனாலதான் இங்கிலீஷ் இலக்கணத்துல ஆண்ட், பட், ஆர் மூணையும் கோஆர்டினேட்டிங்னு சொல்றாங்க, ரெண்டு பக்கமும் சம எடை.

தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல் போடுறத நினைச்சுப் பாரு. ஒரு குரூப் மோர் கலக்கும், ஒன்னு சோறு வடிக்கும், இன்னொரு குரூப் கூடாரம் கட்டும். நடுவுல ஒரு அண்ணன் போனும் கையுமா சுத்திக்கிட்டு 'கூடாரம் இன்னும் ஏறல, சோத்த இப்ப எறக்காத'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, ஒரு கரண்டி புடிச்சிருக்க மாட்டாரு, ஆனா அவரு இல்லன்னா சோறு வெயில்ல நிக்கும். அவருதான் கோஆர்டினேட்டர். மலாய்ல பெஞெலாராஸ்னு சொல்றோமே அதேதான், தமிழ்ல ஒருங்கிணைப்பாளர். கோஆப்பரேட் வேற, அது ஒத்துழைக்கிறது, மோர் கலக்குறவங்க செய்யுறது.

எழுதும்போது கவனி. ஆளா இருந்தா 'வித்' வரும்: கோஆர்டினேட் வித் லாஜிஸ்டிக்ஸ். வேலையா இருந்தா நேரா போடு: கோஆர்டினேட் த டெலிவரி. 'கோஆர்டினேட் டு ஹிம்' தப்பு. 'கோஆர்டினேட் டுகெதர்' வேணாம், 'கோ'வுலயே 'கூட' இருக்கு, நடுசென்டர்னு சொல்ற கதைதான். நம்மாளுங்க நெறைய பேரு 'கார்டினேட்'னு முழுங்கிடுறாங்க, கோ-ஆர்-டி-நேட்னு நாலு அசையும் காதுல விழணும்.

கடைசி அசைய 'நட்'டுன்னு சொன்னா அது பெயர்ச்சொல். தமிழ்ப்பள்ளியில அச்சுத்தூரம்னு படிச்சோமே அது. லோரி டிரைவர் 'கோஆர்டினேட்ஸ் அனுப்பு'ன்னா இடத்தோட நம்பர் கேக்குறாரு, ஜார்ஜ்டவுன்னா ஏறக்குறைய 5.4, 100.3, வடக்கு முதல்ல வரும், கிழக்கு ரெண்டாவது. மாத்திப் போட்டா அப்படி ஒரு இடமே உலகத்துல இல்ல, ஏன்னா வடக்கு 90-க்கு மேல போகாது. துணிக்கடையில கோ-ஆர்ட் செட்னு விக்கிறது மேலயும் கீழயும் பொருந்துற ஜோடி உடுப்பு, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

அடுத்த தடவை மேனேஜர் அப்படி சொன்னா உடனே எந்திரிச்சு ஸ்டோருக்கு ஓடாத. எண்ணுறது யாரு, சிஸ்டத்துல ஏத்துறது யாரு, எந்த நாளுக்குள்ள முடியணும், இந்த மூணையும் அங்கயே கேட்டுக்கோ. அப்புறம் அந்த ஆளுங்க எல்லாரையும் ஒரே வாட்சப் குரூப்ல போட்டு, தேதிய எழுதி, அவரையும் அதுலயே சேர்த்து விடு.