இரண்டாவது கேள்விக்கு விடை

கேள்வி: குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறி, ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்குக் காத்திருக்கிறேன். என் அப்பா பட்டாசு ஆலைத் தொழிலாளி. விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு 'நூல் வாசிப்பு' என்று எழுதிவிட்டேன். உண்மையில், ஐந்தாண்டுகளாகப் பாடநூல்களைத் தவிர எதையும் படித்ததில்லை. பயிற்சி மையத்தில் ஐம்பது கேள்விகளுக்கு விடை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இது போதுமா?
- ஒரு வாசகர், சிவகாசி

பதில்: போதாது. இந்த நேர்காணல் குறுக்கு விசாரணை அன்று, நோக்கத்தோடு கூடிய இயல்பான உரையாடல் என்று தேர்வாணையத்தின் அறிவிக்கையே சொல்கிறது. உரையாடல் என்றால், அடுத்த கேள்வி நீங்கள் சொன்ன விடையிலிருந்தே பிறக்கும். அண்மையில் படித்த நூல் எது என்பார்கள். பெயரைச் சொன்னால், அதில் நீங்கள் உடன்படாத இடம் எது என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு எந்த மையமும் விடை எழுதித் தர முடியாது. எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்ணோடு சேரப்போகும் 275 மதிப்பெண், உங்கள் பாட அறிவை மறுபடியும் அளப்பதற்காக வைக்கப்பட்டதன்று.

வாசிப்பைப் பொறுத்தவரை, பள்ளி நாள்களில் படித்ததுண்டு என்றால் அதைச் சொல்லுங்கள். தேர்வுக்கு உட்கார்ந்தபின் அது விட்டுப்போனதையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், தவறாக எழுதிவிட்டதாக ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. மதிப்பெண் குறையலாம், குறைந்தால் அது நியாயமே.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அப்பாவின் தொழிலைக் கேள்வியில் எழுதிய நீங்கள், அதைப் பற்றி என்ன தெரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பட்டாசு மருந்தில் சேர்க்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விதித்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தபோது உங்கள் வீட்டு வருமானம் என்ன ஆயிற்று? மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்கிறது விதி, எத்தனை பேர் இருக்கிறார்கள்? உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளில் அந்த விதியை யார் பார்க்கிறார்கள்? உரிமம் தருவதில் மாவட்ட நிர்வாகத்தின் பங்கு எது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் பங்கு எது? இவற்றில் பாதியை அப்பாவிடமே கேட்டு அறியலாம். மீதியை விதிநூலிலும் தீர்ப்பிலும் படிக்க வேண்டும். டெல்லியில் உங்கள் எதிரே அமர்ந்து கேட்பவருக்குப் பட்டாசுப் புகை என்பது தம் வீட்டுக் குழந்தையின் மூச்சுத்திணறலாக இருக்கலாம் என்பதையும் நினைத்துப் பார்த்து, இரு பக்கத்தையும் எடைபோட்டு ஒரு கருத்துக்கு வாருங்கள். 'ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வந்தேன்' என்ற மனப்பாட வரியை உங்களுக்கு முன்னால் பலர் அங்கே சொல்லியிருப்பார்கள். இந்தக் கருத்தைச் சொல்ல உங்களால்தான் முடியும்.

தமிழிலேயே பேசுங்கள், அதற்கு உரிமை உண்டு, மொழிபெயர்ப்பாளரும் இருப்பார். ஆனால், அலங்காரமான தொடர்கள் மொழிபெயர்ப்பில் நிற்பதில்லை. ஒரு செய்தியை ஒரு வாக்கியத்தில் சொன்னால் அது சிதையாமல் போய்ச் சேரும்.

மாதிரி நேர்காணலை விட்டுவிட வேண்டாம். விடைத்தாளைப் பார்க்காமல், உங்கள் ஒவ்வொரு விடையையும் பிடித்துக்கொண்டு மேலே கேட்கக்கூடிய ஒருவரை எதிரே அமர்த்துங்கள். தெரியாத இடத்தில் 'எனக்குத் தெரியவில்லை, ஐயா' என்று பதறாமல் சொல்லிப் பழகுவதற்கும் அதுதான் இடம்.